கேஜ் மாற்றம்: தமிழில் எப்படிச் சொல்வது?

தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஊழியர்களிடம் ஓர் இரும்புக்கோல் இருக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே அதை வைத்து, அளவு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கோலுக்கும் கேஜ் என்றுதான் பெயர். சொல்லின் பழைய பொருளும் அதுவே. பழைய பிரெஞ்சில் அளவுகோலைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்குப் போய், கோலோடு நிற்காமல் அது அளக்கும் அளவுக்கும் பெயராகிவிட்டது. ரயில்வேயில் கேஜ் என்றால், இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம். பிராட்கேஜ் 1676 மி.மீ.; மீட்டர் கேஜ் சரியாக 1000 மி.மீ. ஊட்டி மலை ரயில் இன்றும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது.

அடியும் அங்குலமுமாக அளந்த ஆங்கிலேயர் ஏன் மீட்டரைப் பிடித்தார்கள்? செலவைக் குறைக்க ஒடுக்கமான பாதை வேண்டும் என்று 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு முடிவெடுத்தபோது, இந்தியாவில் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. அந்த யோசனை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. பாதைக்கு வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். பிராட்கேஜுக்கு ‘அகலப்பாதை’ என்பது அருமையான சொல். செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் புரியும். ஆனால் கேஜ் மாற்றம் என்ற வேலைக்கே ‘அகலப்பாதைப் பணி’ என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. நாகப்பட்டினம் – திருச்சி பாதையைப் பாருங்கள். 1860-களில் அதை அகலப்பாதையாகத்தான் போட்டார்கள். 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கும் மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். முதலில் நடந்ததும் கேஜ் மாற்றம்தானே? அதை அகலப்பாதைப் பணி என்று எப்படிச் சொல்வது?

‘பாதை மாற்றம்’ இன்னும் குழப்பும். ரயில் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். மழைமானி போல ‘மானி’ சேர்க்கலாமா என்றால், அது அளக்கும் கருவிக்குப் பொருந்தும். கோலுக்குச் சரி, தூரத்துக்கு ஆகாது. ‘தண்டவாள இடைவெளி’ என்றால், வெயிலில் இரும்பு விரிவதற்காக இரு தண்டவாளத் துண்டுகளின் முனைகளுக்கு நடுவே விடும் சந்து என்றும் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

என் தேர்வு ‘தட அகலம்’. வண்டித்தடம், வழித்தடம் என்று நாம் புழங்கும் தடம்தான். கேஜ் மாற்றம் ‘தட அகல மாற்றம்’ ஆகும். அகலமாக்கினாலும் குறுக்கினாலும் பொருந்தும். 1992-இல் ரயில்வே தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தை ‘ஒரே தட அகலத் திட்டம்’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம்.

இதெல்லாம் பாதைக்கு. ரயிலையே மாற்றுவதற்கு வேறு சொல் வேண்டும். போலந்து எல்லையை ஒட்டிய பெலாரஸ் நகரமான பிரெஸ்டில் 1520 மி.மீ. பாதையும் 1435 மி.மீ. பாதையும் சந்திக்கின்றன. அங்கே பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியிலிருக்கும் போகியை உருட்டி வெளியே எடுத்து, அடுத்த அளவுக்கான போகியைப் பொருத்தி வந்தார்கள். நம் ஊரில் ‘எந்தப் போகி?’ என்று கேட்டால் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். ரயில்வே தொழிலில் போகி என்பது பெட்டியைத் தாங்கும், சக்கரங்கள் கோத்த சட்டகம். அதனால் இந்த வேலையைப் ‘பெட்டி மாற்றம்’ என்று எழுதினால் தப்பாகிவிடும். ‘சக்கரச்சட்ட மாற்றம்’ என்பதே சரி. பெட்டி அதே பெட்டிதான். உள்ளே படுத்திருந்த பயணி இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை.