மருந்துச்சீட்டுல ஓடி, பிடி, எஸ்ஓஎஸ்: கவுண்டர்லயே கேட்டுட்டுப் போங்க

மாத்திரை அட்டைய வாங்கி பைல போட்டுக்கிட்டு பஸ் போயிரும்னு ஓடுறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். மதுரைல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன். பெரியாஸ்பத்திரிக்கும் சுத்தியுள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்னு எல்லாப் பக்கமும் இருந்து வர்ற ஜனங்க எங்க கவுண்டர்ல நிப்பாங்க. டாக்டர் எழுதுன மருந்து சரியா இருக்கும், நாங்க எடுத்துக் குடுக்குறதும் சரியா இருக்கும், ஆனா வீட்டுக்குப் போயி போடுறதுல தப்பாயிரும், ஏன்னா மருந்து பேருக்குப் பக்கத்துல இருக்குற அந்த ரெண்டு மூணு எழுத்த யாரும் அவங்களுக்கு படிச்சுக் காட்டியிருக்க மாட்டாங்க.

ஓடின்னா (OD) ஒரு நாளைக்கு ஒரு தடவ. பிடின்னா (BD) ரெண்டு, டிடிஎஸ்னா (TDS) மூணு, க்யூஐடின்னா (QID) நாலு. ஹெச்எஸ்னா ராத்திரி படுக்கப்போறப்ப. ஏசின்னா சாப்பாட்டுக்கு முன்னாடி, பிசின்னா பின்னாடி, ஸ்டாட்னா இப்பவே உடனே. முக்காவாசி லத்தீன்ல இருந்து வந்த சுருக்கம், பல நாட்டுல டாக்டருங்க இந்த மாதிரி சுருக்கம் எழுதுறாங்க. நம்ம பக்கம் நெறைய பேரு 1-0-1ன்னு எழுதிருவாங்க, காலைல ஒண்ணு, மத்தியானம் கிடையாது, ராத்திரி ஒண்ணு. இது எவ்வளவோ தேவல. ஆனா 1-0-1 போட்டிருந்தா ரெண்டு வேளைக்கும் நடுவுல ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்கணும், காலைல 11 மணிக்கு ஒண்ணும் சாயங்காலம் 6 மணிக்கு ஒண்ணும் போட்டுட்டு கணக்கு முடிஞ்சுதுன்னு விடக்கூடாது, அதுலயும் ஆன்டிபயாடிக்னா ரொம்ப கவனம்.

தைராய்டு மாத்திரைல ஓடி, ஏசின்னு ரெண்டும் சேந்து இருக்கும். காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணில போட்டுட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காப்பி கூட குடிக்கக்கூடாது, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாம் 4 மணி நேரம் தள்ளித்தான். இத சொல்லாம விட்டா அவங்க வருசக்கணக்கா டீயோட சேத்து முழுங்கிட்டு "மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் (ரத்த டெஸ்ட்ல பாக்குற தைராய்டு அளவு) கொறையவே இல்லயே தம்பி"ன்னு வந்து நிப்பாங்க, டாக்டரும் டோஸ கூட்டிக்கிட்டே போவாரு.

ரொம்ப பேரு தப்பா புரிஞ்சுக்கிறது எஸ்ஓஎஸ். சினிமால கப்பல் முழுகுறப்ப அனுப்புற அவசரச் செய்தி மாதிரி, இது ரொம்ப முக்கியமான மாத்திரை, தவறவே விடக்கூடாதுன்னு நெனச்சுக்கிறாங்க. அது தேவப்பட்டா மட்டும் போடச் சொல்றது, வலி இருந்தா போடு, காய்ச்சல் இருந்தா போடு, இல்லாட்டி அட்டைலயே இருக்கட்டும். வலி மாத்திரைக்குப் பக்கத்துல எஸ்ஓஎஸ் இருந்தத மூட்டுவலிக்காரங்க தெனமும் ரெண்டு வேளை மாசக்கணக்கா போட்டா வயித்துல புண்ணு வரும், கிட்னியும் அடிவாங்கும், ஏற்கனவே சுகர் பிரஷர் உள்ளவங்களுக்கு இன்னும் சீக்கிரமா.

ஓடிக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. கண்ணு சம்பந்தப்பட்ட சீட்டுல ஓடின்னா வலது கண்ணு, ஓஎஸ்னா இடது கண்ணு, ஓயூன்னா ரெண்டு கண்ணும். 1976ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சதுல இருந்து கண்ணுன்னாலே மதுரைக்கு வாங்கன்னு ஆயிப்போச்சு, வெளியூர்ல யார்கிட்டயோ வாங்குன பழைய கண்ணாடிச் சீட்டு, சொட்டு மருந்துச் சீட்டெல்லாம் கையில வச்சுக்கிட்டு இங்க வர்றவங்க ஜாஸ்தி. சொட்டு மருந்துன்னா எந்தக் கண்ணு, ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு ரெண்டையும் வாயால கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

இனிமே சொல்லப்போறது உயிர் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நிதானமா படிங்க.

ருமட்டாய்ட் மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை குடுப்பாங்க. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரைய வேற நாள்ல போடச் சொல்லுவாங்க. ரெண்டுமே சின்னதா மஞ்சளா இருக்குறதும் உண்டு. வாரத்துக்கு ஒண்ண தெனமும் போட்டா வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு எறங்கி, ஆள் உயிருக்கே ஆபத்தாயிரும், உலகம் பூரா இந்த ஒரு மாத்திரைல இப்படி சாவு நடந்திருக்கு. மேலூர் பக்கம் இருந்து ஒரு அம்மா, கை விரலெல்லாம் கோணிப்போயி இருந்துச்சு, மூணு மாசத்துக்கு வர வேண்டிய அட்டைய ரெண்டே வாரத்துல காலி பண்ணிட்டு இன்னொண்ணு குடுங்க தம்பின்னு வந்தாங்க. சீட்டுல வாரம் ஒரு தடவைன்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு, பேரன் ஓடி மட்டும் படிச்சுச் சொல்லியிருக்கான். மாத்திரைய குடுக்காம வாயத் தொறக்கச் சொல்லி பாத்தேன், உள்ள புண்ணு. அப்படியே அவங்க டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பி வச்சேன், அன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாத்து அட்மிட் பண்ணிட்டாங்க. நல்லாகி வந்துட்டாங்க. அதுல இருந்து மெத்தோட்ரெக்சேட் வாங்க வர்ற யாரா இருந்தாலும் "என்ன கிழமை போடுவீங்க"ன்னு கேட்டு அந்தக் கிழமைய அட்டைலயே தமிழ்ல எழுதிக் குடுத்துருவேன். வைட்டமின் டி 60,000 யூனிட்டும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணுதான், அதுக்கும் இதே மாதிரி.

அடுத்தது இன்சுலின். யூனிட்டுக்கு யூ-ன்னு ஒத்த எழுத்து இங்கிலீஷ்ல போட்டா அவசரக் கையெழுத்துல அது சைபர் மாதிரி தெரியும், 6 யூனிட் 60 ஆயிரும். அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு தரச்சான்று குடுக்குற ஜாயிண்ட் கமிஷன் 2004லயே இந்த எழுத்த எழுதவே கூடாதுன்னு பட்டியல் போட்டுருச்சு, யூனிட்னு முழுசா எழுதணும். நம்ம நாட்டுல இன்னொரு சிக்கலும் சேந்திருக்கு. இங்க பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40க்கு செவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். பேனா ரிப்பேராயிருச்சுன்னு கார்ட்ரிட்ஜ்ல இருந்து செவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் உறிஞ்சிப் போட்டா உள்ள போறது 50 யூனிட், ரெண்டரை மடங்கு. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு கொழறும், ராத்திரின்னா தூக்கத்துலயே மயங்கிருவாங்க. அதனால பாட்டில்ல என்ன நம்பர் போட்டிருக்கோ அதே நம்பர் சிரிஞ்ச்லயும் இருக்கணும், மூடி கலர மட்டும் பாத்து எடுக்காதீங்க, நம்பரப் படிங்க.

மாத்திரை பேருக்கு வாலு மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற எழுத்தையும் பாக்கணும். டெல்மா ஒரு பிரஷர் மருந்து, டெல்மா ஏஎம்ல அம்லோடிபின்னு இன்னொரு பிரஷர் மருந்து சேந்திருக்கு, டெல்மா ஹெச்ல நீர் பிரியிற மருந்து சேந்திருக்கு. பான்-டியில வாந்திக்கான டாம்பெரிடோன். சுகர் மாத்திரைல எம் இருந்தா பெரும்பாலும் மெட்ஃபார்மின். புது டாக்டர் ஏஎம் போட்டது எழுதிக் குடுத்திருப்பாரு, வீட்டுல பழைய அம்லோடிபின் தனியா ஒரு அட்டை கெடக்கும், ரெண்டையும் போட்டுட்டு காலு வீங்குது தல சுத்துதுன்னு வருவாங்க. டாக்டர்கிட்ட போறப்ப வீட்டுல உள்ள அத்தன அட்டையையும் அள்ளிக்கிட்டு போங்க, வெக்கப்படாதீங்க.

எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர், இஆர்னு இருந்தா அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையிற மாத்திரை. தாத்தாவால முழுங்க முடியலன்னு அம்மில வச்சு பொடிச்சு தேன்ல கொழச்சுக் குடுத்தா நாள் முழுக்க எறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சா எறங்கும். முழுங்க முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, பல மருந்துக்கு வேற வடிவம் இருக்கு. டிடின்னு (DT) இருக்குறத தாராளமா தண்ணில கரைக்கலாம், அது அதுக்குன்னே செஞ்சது.

டிஸ்சார்ஜ் சம்மரி பத்தி கொஞ்சம். எஸ்ஹெச்டின்னா (SHT) ரத்தக்கொதிப்பு, டி2டிஎம்னா நம்ம சாதாரணமா சொல்ற சுகர், சிகேடின்னா நாள்பட்ட கிட்னி கோளாறு, சிவிஏன்னா பக்கவாதம், எம்ஐன்னா ஹார்ட் அட்டாக். என்ஏடி போட்டிருந்தா கோளாறு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், பயப்படாதீங்க. நெகட்டிவ்னு வந்ததுக்கு அழுதுக்கிட்டே வந்தவங்களும் உண்டு, கிருமி இல்லன்னு சொன்ன பெறகுதான் மூச்சு வந்துச்சு.

எஃப்பிஎஸ் வெறும் வயித்துல எடுக்குற சுகர், 8 மணி நேரம் சாப்பிடாம இருக்கணும், தண்ணி மட்டும் குடிக்கலாம். பிபிபிஎஸ்ஸுக்கு சாப்பிட ஆரம்பிச்ச நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம். ஹெச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரி, அதனால மொத நாள் மட்டும் பட்டினி கெடந்து அத கொறைக்க முடியாது, 6.5ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். ஆபரேஷனுக்கு முன்னாடி என்பிஓன்னு எழுதி வப்பாங்க, வாய் வழியா ஒண்ணும் கூடாது, சொன்ன நேரத்துக்கு மேல ஒரு மடக்கு டீ கூட கிடையாது, மயக்க மருந்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிரும். பாவம் பசிக்குமேன்னு சொந்தக்காரங்க ஊத்திவிடுற பால்தான் ஆபரேஷன தள்ளிப்போட வைக்கிது.

கடைசியா டிஏஎம்ஏ, சில எடத்துல எல்ஏஎம்ஏன்னு இருக்கும். டாக்டர் வேணாம்னு சொல்லியும் நாங்களா கூட்டிட்டுப் போறோம்னு நீங்க போடுற கையெழுத்து அது. செலவு தாங்காம போடுறவங்கதான் ஜாஸ்தி, அது எனக்குப் புரியிது. போடுறதுக்கு முன்னாடி என்னென்ன ஆபத்துன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, இதுவரைக்கும் செஞ்ச வைத்தியம், ஓடிக்கிட்டு இருந்த ஊசி மருந்து எல்லாம் எழுதி வாங்குங்க, அப்பதான் அங்கிட்டு பெரியாஸ்பத்திரில சேக்குறப்ப மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்காம இருக்கும். நோயாளியோ அவரு சார்புல உள்ளவங்களோ ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002ஆம் வருசத்து மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு, அதே விதில 2016ல மருந்து பேர முடிஞ்சவரைக்கும் பெரிய எழுத்துல தெளிவா எழுதணும்னு சேத்தாங்க. கேக்குறது உங்க உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா எங்ககிட்ட சொல்லுங்க, அட்டைல காலைக்கு சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரஞ்சு குடுக்குறோம், எந்த மெடிக்கல்லயும் கேட்டா செய்வாங்க, செய்ய ரெண்டு நிமிசம் கூட ஆகாது.