உளுந்துக்கு யூரியா போடும் முன் வேரைப் பாருங்கள்

உளுந்து வயலுக்கு ஆலோசனை கேட்டு அழைத்தால், இலையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் அலசி, முடிச்சுகளில் ஒன்றிரண்டை நகத்தால் கீறிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் இறவை (நீர் பாய்ச்சும்) உளுந்து வயலில் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நின்றது. காய்களோ செடிக்கு நாலைந்துதான் இருந்தன. "பயிர் வெளுப்பா இருந்துச்சு சார், அதான் ஒரு மூட்டை யூரியா வீசினேன்" என்றார் விவசாயி. வேரில் முடிச்சு ஏறக்குறைய இல்லை. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்துவிட்டால் பயறுவகைச் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். தழை மட்டும் ஓங்கும்.

இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 10 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்), 8 கிலோ கந்தகம் ஆகியவற்றை அடியுரமாக, அதாவது விதைப்புக்கு முன், இடுவது பொதுப் பரிந்துரை. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படியே இடலாம். 50 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டை ஒன்றிலேயே 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருப்பதால், அதை இட்டவர் யூரியாவைத் தேட வேண்டியதில்லை. ஆனால் டிஏபியில் கந்தகம் கிடையாது. அதனால் மணிச்சத்தோடு கந்தகமும் உள்ள சூப்பர் பாஸ்பேட்டையே நான் விரும்பிச் சொல்கிறேன். அதில் தழைச்சத்து இல்லாததால், அப்போது மட்டும் 22 கிலோ யூரியாவை அடியுரத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுஉரம் சேர்க்கச் சொல்கிறோம். அதிலுள்ள தழைச்சத்து அரை சதவீத அளவுதான். மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரம் பிடித்து, நுண்ணுயிர்களுக்கு இரையாவதே அதன் முதன்மையான பயன். மக்காத சாணத்தைக் கொட்டினால் களை விதையும் வெள்ளைப்புழுவும்தான் வயலுக்கு வரும். மாடுகள் குறைந்துபோன ஊர்களில் 5 டன்னுக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயமே. மானாவாரி நிலத்துக்கு, 300 கிலோ மக்கிய எருவோடு இடவேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்திக் குவித்து, மண்ணால் மெழுகி ஒரு மாதம் மூடிவைத்து இடும் ஊட்டமேற்றிய தொழுஉரம் ஒரு நல்ல வழி.

விதைநேர்த்தியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏக்கர் விதைக்கு ரைசோபியம், மண்ணின் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா தலா 200 கிராம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். சூடான கஞ்சியும் வெயிலும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால், அதை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும்.

காவிரி டெல்டாவில், நெல்லுக்குப் பின் அதே வயலில் உளுந்து எடுக்கும் நெல் தரிசில் கதை வேறு. நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் ஈரமாக இருக்கும்போதே விதை தெளிப்பதால் எருவுக்கோ அடியுரத்துக்கோ இடமே இல்லை. அங்கே 2 சத டிஏபி கரைசலைப் பூக்கும் தருணத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிப்பதே கைகொடுக்கும். 4 கிலோ டிஏபியை முதல் நாள் மாலையே 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, மாலை வேளையில் அடிக்க வேண்டும். அடியில் தங்கும் வண்டலையும் சேர்த்து ஊற்றினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும்; அந்த வண்டலை எருக்குழியில் கொட்டிவிடலாம்.