காலால் தண்ணீர் குடிக்கும் ஓணான்

ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் நடுவிலும் பரந்து கிடக்கிற செம்மணல் வெளியில், ஸ்பினிஃபெக்ஸ் என்னும் கூரிய புற்புதர்களுக்கு நடுவே ஒரு பல்லி தயங்கித் தயங்கி நடக்கும். உடம்பெல்லாம் முள். ஆங்கிலத்தில் ‘தார்னி டெவில்’, அதாவது முள் பிசாசு. அறிவியல் பெயர் மொலாக் ஹாரிடஸ். பெயருக்குப் பயப்பட வேண்டாம். ஆள் ஒரு சாண் நீளம்தான், தின்பதும் எறும்பு மட்டும்தான். நம் வேலியோர ஓணானுக்கும் இதற்கும் ஒரே குடும்பம்.

எறும்பு பொறுக்குவதற்கென்றே அமைந்துவிட்ட இதன் வாயால் தண்ணீரை நக்கிக் குடிக்க முடியாது. மழை அபூர்வமான ஊரில் இப்படி ஒரு வாய்!

ஆனால் கால் நனைந்தால் போதும். செதில்களுக்கு இடையே மிக நுண்ணிய வாய்க்கால்கள் உடல் முழுக்க வலைபோல ஓடி, வாயோரத்தில் வந்து முடிகின்றன. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் தானாக மேலே ஏறுமே, அதே நுண்புழை ஏற்றம்தான் இங்கும். வாய்க்கால்கள் நிரம்பியதும் பல்லி வாயை மெல்லத் திறந்து மூடத் தொடங்கும். வாயோரத்து நீர் உள்ளே போகப் போக, அந்த இடத்துக்குப் பின்னாலிருந்து புது நீர் வரும். தோலே நீரை உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். நீர் வாய்க்குப் போகிறது என்பதை 1962-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சரி, குட்டையே இல்லாத நாட்களில்?

2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. வாய்க்கால்கள் முழுதாக நிரம்பினால் உடல் எடையில் சுமார் 3.2 சதவீத நீர் பிடிக்கும். 40 கிராம் பல்லிக்கு ஏறக்குறைய 1.3 கிராம். பனித்துளி தருவதோ எடையில் 0.2 சதவீதம்தான். அது தோலை நனைக்கும், தாகத்துக்குக் காணாது. ஈரமணலில் நின்றாலும் வாய்க்கால்கள் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்புகின்றன. நிரம்பாமல் குடிக்க வழியில்லை.

இங்கேதான் இந்தப் பல்லி என்னை அசர வைக்கிறது. ஈரமணலைக் காலால் வாரி முதுகின் மேல் போட்டுக்கொள்கிறது. கீழிருந்து நீர் மேலே ஏறும்போது புவியீர்ப்பு எதிர்த்து நிற்கும். முதுகு மணலிலிருந்து நீர் இறங்கும்போது அதே ஈர்ப்பு துணைக்கு வரும். முன்பே பனியில் லேசாக நனைந்த தோல் என்றால் நீர் இன்னும் சுலபமாகப் பரவும்.