பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்குதா? திரும்பத் திரும்ப அடிக்காதீங்க

போன மாசம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட கடைசி நாள். திருப்பூர்ல ஒரு கார்மெண்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து காலைல ஒன்பது மணிக்கே போன். "தம்பி, அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு, எட்டு தடவ அடிச்சுட்டேன், பாஸ்வேர்ட மாத்தியும் பாத்துட்டேன்"னு அக்கவுண்ட்ஸ் அக்கா. நான் வண்டிய எடுக்குறதுக்குள்ள ஆபீஸ்ல எல்லாருக்கும் அதே பாப்அப்.

மாத்துனதுதான் வினை. அவுட்லுக் மெயில் பாக்குற சாஃப்ட்வேர் மட்டும்தான், இவங்க மெயில் இருக்குறது ஒரு ஹோஸ்டிங் கம்பெனி (மெயிலுக்கு வாடகைக்கு இடம் குடுக்குறவங்க) சர்வர்ல. கம்ப்யூட்டர்ல புது பாஸ்வேர்டு, போன்ல பழசு, போன் அதையே சில நிமிஷத்துக்கு ஒரு தடவ சர்வர்கிட்ட நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி சர்வருங்க தப்பான லாகின் அதிகமானா யாரோ ஹேக் பண்றாங்கன்னு நெனச்சு அந்த ஐபியவே (இன்டர்நெட்ல உங்க கனெக்ஷனோட முகவரி) பிளாக் பண்ணிடும், ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரே வைஃபை ஒரே ஐபி, அப்புறம் என்ன, சரியான பாஸ்வேர்டு அடிச்சாலும் உள்ள விடாது.

அதனால பாப்அப் வந்தா முதல்ல அத கேன்சல் பண்ணிட்டு, செல்போன்ல வைஃபைய ஆஃப் பண்ணி மொபைல் டேட்டால பிரவுசர் வழியா மெயில தொறந்து பாருங்க. தொறந்துச்சுன்னா பாஸ்வேர்டு சரி, கோளாறு கம்ப்யூட்டர்லயோ நெட்வொர்க்லயோதான். தொறக்கலைன்னா மட்டும் பாஸ்வேர்ட பத்தி யோசிங்க.

மெயில மைக்ரோசாஃப்ட்கிட்டயே வச்சிருக்குற மைக்ரோசாஃப்ட் 365 ஆளுங்களுக்கு கதை வேற. அவுட்லுக்க மூடிட்டு கண்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் போய், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்னு ஆரம்பிக்கிற பழைய பதிவுகள ரிமூவ் பண்ணிட்டு மறுபடி தொறந்தா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும். அதுலயும் அடங்கலன்னா அவுட்லுக்ல புது ப்ரொஃபைல் போட்டு மெயில் அக்கவுண்ட மறுபடி சேத்துடுவேன். ஆனா அக்கா ஆபீஸ் மாதிரி ஹோஸ்டிங் மெயில அவுட்லுக்ல சேக்குற ஐமேப், பாப் அக்கவுண்ட்னா பாஸ்வேர்ட அவுட்லுக்கோட அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல மாத்தணும்.

இன்னும் அவுட்லுக் 2010 ஓட்டுறவங்க இருக்காங்க, லைசென்ஸ் காசு மிச்சம்னு. வெறும் பேரும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ள நுழையுற பழைய முறைய மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்ல இருந்து நிறுத்த ஆரம்பிச்சாச்சு, 2010க்கு புது முறை தெரியவே தெரியாது, நீங்க சாயங்காலம் வரைக்கும் அடிச்சாலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஜிமெயில அதுல போட்டிருந்தா டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி, அந்த ஒரு சாஃப்ட்வேருக்குன்னு கூகுள் தர்ற 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடணும். கூகுள் பாஸ்வேர்ட மாத்துனா அந்த ஆப் பாஸ்வேர்டும் செத்துடும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

எனக்கு உண்மையான பயம் வேற. தினமும் நாலு தடவ கேட்டா மனுஷனுக்கு கை பழகிடுது, எங்க கட்டம் வந்தாலும் பாஸ்வேர்ட அடிச்சிடுறாங்க. "உங்க பாஸ்வேர்டு இன்னைக்கு முடியுது, இதையே வச்சுக்க கிளிக் பண்ணுங்க"ன்னு ஒரு மெயில் வரும், கிளிக் பண்ணா உங்க மெயில் ஐடி ஏற்கனவே போட்டு, கம்பெனி லோகோவோட பேஜ் தொறக்கும். அடிச்சீங்க, முடிஞ்சுது. உள்ள வந்தவன் உடனே எதுவும் பண்ண மாட்டான், பையரோட (உங்ககிட்ட சரக்கு வாங்குறவரோட) மெயில் உங்க கண்ணுல படாம வேற ஃபோல்டருக்குப் போற மாதிரி ஒரு ரூல் போட்டுட்டு காத்திருப்பான், இன்வாய்ஸ் போற நேரத்துல பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சுன்னு உங்க ஐடில இருந்தே பையருக்கு மெயில் அடிப்பான். அந்த மாதிரி பேஜ்ல அடிச்சுட்டோம்னு சந்தேகம் வந்தா வெக்கப்படாம உடனே ஐடி ஆளுக்கு சொல்லுங்க, பாஸ்வேர்ட மாத்துனா மட்டும் பத்தாது, ரூல்ஸும் ஃபார்வர்டிங்கும் பாக்கணும். பணம் போயிருந்தா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, அன்னைக்கே.

அக்கா கேஸ் என்னாச்சுன்னா, ஹோஸ்டிங்காரங்ககிட்ட சொல்லி ஐபிய ரிலீஸ் பண்ணி, அவங்க போன்லயும் பாஸ்வேர்டு மாத்தியாச்சு. அரை மணி நேரத்துல மறுபடி பிளாக். அப்புறம்தான் கேட்டேன், "அக்கா, பழைய போன் எங்க?" பேக்கிங் செக்ஷன்ல பார்ட்டிக்கு போட்டோ அனுப்புறதுக்குக் குடுத்து வச்சிருக்காங்க, மெயில் அக்கவுண்ட் எடுக்காம.