ஒரு கவச வண்டிக்கு இவ்வளவு விலையா?

புதிய கவச வாகன ஒப்பந்தம் ஒன்று செய்தியில் வந்ததும் மொத்தத் தொகையை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வண்டிக்கு இவ்வளவா?" என்று பலரும் அதிர்ந்து போகிறார்கள். அரசு ஒப்பந்தங்களின் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும். கேட்பது நியாயம்தான், வரிப்பணம் ஆயிற்றே. ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வடிவமைப்பு, சோதனை, உதிரி பாகங்கள், பயிற்சி, சில ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததா, வண்டி மட்டுமா? கோப்பைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எஃகு விலை கூடிவிட்டது, மின்னணுக் கருவிகள் கூடிவிட்டன என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் உண்மை உண்டு. இருந்தாலும் பெரிய ஏற்றம் பல நேரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேம்பாட்டுக்கு 1,000 கோடி, அதன்பின் 1,000 வண்டிகள், வண்டி ஒன்றைச் செய்ய 5 கோடி. மொத்தம் 6,000 கோடி, வண்டிக்கு 6 கோடி. நிதி நெருக்கடி வருகிறது, பாதி போதும் என்று 500 ஆக்குகிறார்கள். மேம்பாட்டுச் செலவு ஏற்கெனவே போய்விட்டது, அது குறையாது. குறைவாகச் செய்யும்போது தொழிலாளர் கை பழகி வேகம் பிடிப்பதும் மொத்தக் கொள்முதல் தள்ளுபடியும் போய்விடும். வண்டி ஒன்றைச் செய்யும் செலவு 5.5 கோடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,750 கோடி, வண்டிக்கு 7.5 கோடி. விலை ஏறிவிட்டதே என்று இன்னும் குறைப்பார்கள், அது இன்னும் ஏறும்.

அமெரிக்க மரைன் படைக்காகத் திட்டமிட்ட நீர்நில ஊர்தி இந்தச் சுழலில் மாட்டியது. கடலிலிருந்து அதிவேகமாகக் கரைக்கு வர வேண்டும், தரையில் டாங்கிகளோடு சேர்ந்து ஓட வேண்டும் என்பது தேவை. 1,000க்கு மேல் வாங்க நினைத்தது 573 ஆகச் சுருங்கியது. சுமார் 300 கோடி டாலர் செலவான பிறகு 2011 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்தப் பணத்துக்குப் படை பயன்படுத்தக்கூடிய ஒரு வண்டிகூடக் கிடைக்கவில்லை.

இங்கே தணிக்கை எங்கே தவறியது? பில்லில் தவறு இருந்திருக்காது, ரசீதுகள் சரியாகத்தான் இருந்திருக்கும். தவறு தேவைப் பட்டியலில் இருந்தது. காகிதத்தில் ஒரு வரியாக எழுதப்படும் "இந்த வேகம் வேண்டும், இந்தக் கவசம் வேண்டும்" என்ற நிபந்தனைதான் எஞ்சினையும் எடையையும் விலையையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் எம்10 புக்கர் என்ற கவச வண்டி இன்னொரு பாடம். காலாட்படையோடு இலகுவாகப் போகக்கூடிய வண்டி என்று தொடங்கி, ஏறக்குறைய 40 டன்னில் போய் நின்றது. ஃபோர்ட் கேம்ப்பெல் படைத்தளத்தில் இருந்த 11 பாலங்களில் 8 அதன் எடையைத் தாங்காது என்று பிறகுதான் தெரிய வந்தது. 2025இல் அமெரிக்க ராணுவம் அதை நிறுத்திவிட்டது. பாலத்தின் தாங்குதிறனைப் பார்க்க ரகசிய அனுமதி எதுவும் வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அடுத்தது, எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பது. அமெரிக்காவில் நன்-மெக்கர்டி சட்டம் 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஓர் அலகின், அதாவது ஒரு வண்டி அல்லது ஓர் ஆயுதத்தின் செலவு, நடப்பு (கடைசியாகத் திருத்திய) அடிப்படை மதிப்பீட்டைவிட 25 சதவீதம், அல்லது முதல் மதிப்பீட்டைவிட 50 சதவீதம் கூடிவிட்டால், பாதுகாப்பு அமைச்சர் காரணம் காட்டிச் சான்றளித்தால் ஒழியத் திட்டம் ரத்தாக வேண்டும். "முதல் மதிப்பீடு" என்ற அளவுகோல் பின்னால்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன், மதிப்பீட்டை நடுவிலே திருத்திவிட்டால் ஏற்றமே கணக்கில் தெரியாமல் போகலாம். நான் பார்த்த ஒப்பந்தங்களிலும் இதுதான் அதிகம்: திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "செலவு கட்டுக்குள் இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974இல் ஒதுக்கியது 15.5 கோடி ரூபாய். 2021இல் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளுக்கு ஆவடி தொழிற்சாலையிடம் கொடுத்த ஆர்டரின் மதிப்பு 7,523 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்து "பார்த்தீர்களா" என்றால் அது கணக்கே ஆகாது. முன்னது மேம்பாட்டுக்கு, பின்னது உற்பத்திக்கு. நடுவில் ஐம்பது வருடப் பணவீக்கம் வேறு. விலை எந்த ஆண்டின் பணத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் கோபப்படுவதால் உண்மையான குற்றவாளி தப்பித்துவிடுகிறார்.

பணம் முன்னால் ஓடி, பொருள் பின்னால் வருவது எனக்கு மிகவும் கவலை தருவது. பிரிட்டன் 2014இல் 589 அஜாக்ஸ் கவச ஊர்திகளுக்கு 550 கோடி பவுண்டு நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டது. 2021 டிசம்பருக்குள் 320 கோடி பவுண்டு அளவுக்குக் கொடுத்தாயிற்று, கைக்கு வந்தது 26 வண்டிகள், அதுவும் படையில் சேராதவை. சத்தமும் அதிர்வும் சோதனையில் ஈடுபட்ட வீரர்களையே பாதித்தன. நிலையான விலை என்றால் அரசுக்கு ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலை ஏறாமல் இருந்தது சரி, வண்டி எங்கே? தவணை எந்தச் சோதனை முடிந்ததும் தரப்படுகிறது என்ற அட்டவணையை நாடாளுமன்றக் குழுக்கள் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

உதிரி பாகங்களுக்கு வருவோம். 1983இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய 435 டாலர் சுத்தியல் இன்றும் பேசப்படுகிறது. அதன் விலையில் பெரும்பகுதி, ஒப்பந்தத்தின் மேல்செலவை, அதாவது நிர்வாகம் போன்ற பொதுச் செலவை, பொருளின் மதிப்பைப் பார்க்காமல் எல்லாப் பொருளுக்கும் சமமாகப் பங்கிட்டதால் வந்தது. எஞ்சினுக்கும் சுத்தியலுக்கும் ஒரே சுமை. அதைவிடக் கவலைக்குரியது 2019இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை. ஒரு விமான உதிரி பாக நிறுவனத்தின் 47 பாகங்களைச் சோதித்ததில் 46இல் மிகை லாபம், மொத்தம் 1.61 கோடி டாலர். பெரும்பாலானவை, செலவு விவரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்ற சட்ட வரம்புக்குக் கீழே இருந்த சிறு ஒப்பந்தங்கள். போட்டியில்லாத ஒரே விற்பனையாளர், செலவுத்தாளைக் காட்ட மறுக்கும் உரிமை, இரண்டும் சேர்ந்தால் என்னைப் போன்றவர்களால் எதையும் சரிபார்க்க முடியாது.

ராணுவ ரகசியம் என்ற பதிலும் அடிக்கடி வரும். கவசத்தின் கலவை ரகசியமாக இருக்கட்டும். தாமதமான மாதங்கள், திருத்திய மதிப்பீடு, கொடுத்த முன்பணம் ஆகியவற்றில் எதிரிக்குப் பயன்படுவது எதுவும் இல்லை.

அப்புறம், வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. ஆயுத அமைப்புகளின் வாழ்நாள் செலவில் சுமார் 70 சதவீதம் இயக்குவதற்கும் பராமரிப்பதற்கும் போகிறது என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் சொல்லிவருகிறது. பழுது பார்க்கத் தேவையான வரைபடங்களும் மென்பொருள் உரிமையும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், படையின் சொந்தப் பட்டறையில் சரிசெய்யக்கூடிய பழுதுக்கும் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2025இல் அமெரிக்க ராணுவத்துக்கு, புதிய ஒப்பந்தங்களில் பழுதுபார்க்கும் உரிமையைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு போனதற்குக் காரணம் இதுதான். அந்தப் பிரிவைக் கையெழுத்துக்கு முன் கேட்டால் நாலைந்து நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுக்கும். வண்டிகள் வந்து சேர்ந்த பிறகு கேட்டால், விற்கக்கூடியவர் ஒருவர்தான், விலையும் அவர் சொல்வதுதான்.