ஒன்பது மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்

போன வருசம் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை. அறுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி முட்டி வலி என்று காரைக்குடியில் இருக்கும் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார்கள். முந்தின நாள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு நார்த்தாமலை ஏறிவிட்டு வந்திருக்கிறார்கள். முட்டியைப் பார்க்கலாம் என்று கட்டிலில் படுக்கச் சொன்னேன், ஆனால் செருப்பைக் கழற்றிய உடனே என் கண் பாதத்துக்குப் போய்விட்டது. இரண்டு பாதத்திலும் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கொப்புளம், வலது காலில் அது உடைந்து தோல் வழன்று உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. "இது எப்ப ஆச்சு ஆச்சி?" என்றேன். "எது?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியவே இல்லை. பதினெட்டு வருசமாகச் சர்க்கரை. பாதத்தின் உணர்வைப் பார்க்க நாங்கள் ஒரு நைலான் இழை வைத்திருப்போம், அதை அது லேசாக வளையும்வரை தோலில் அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் விழும். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன், விரல் நுனிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கோயில் என்பதால் மேலே செருப்பைக் கழற்றிவிட்டு, பதினொன்றரை மணி வெயிலில், வெறும் பாறையில் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது.

இதைச் சொல்வதால் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்கிறேன் என நினைத்துவிட வேண்டாம். வருசத்தில் நம் பக்கத்துக் குன்றுகளுக்குப் போக இதைவிட நல்ல காலம் கிடையாது. மாசி பிறந்ததிலிருந்து பங்குனி பாதிவரை, பனி விலகி, கத்திரி இன்னும் தொலைவில் இருக்கும் அந்த ஆறேழு வாரம். விடியலில் இலுப்பை மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கும், அந்த வாசம் தெருவரைக்கும் வரும், புங்கை புதுத் தளிர் விட்டிருக்கும், கொஞ்சம் தள்ளி வேம்பும் பூக்கத் தொடங்கும். வருசம் முழுக்கக் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு ஒரு காலை நேரக் குன்று ஏற்றம் செய்கிற நன்மையை என் கண்ணால் பார்க்கிறேன், நானே என்னிடம் வருகிறவர்களை அனுப்புகிறேன். கேட்பது ஒன்றுதான்: இருட்டோடு கிளம்புங்கள், ஒன்பது மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

கருங்கல் பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்று 35 டிகிரி இருக்கும் நாளில் மதியப் பாறை 50 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் சில நிமிடம் தோல் ஒட்டிக்கொண்டிருந்தாலே வெந்துவிடும். நல்ல உணர்வு உள்ள கால் சுடுது சுடுது என்று துள்ளித் தாவிவிடும், உணர்வு குறைந்த கால் நின்று வேகும். நார்த்தாமலையில் ஆறேகால் மணிக்குப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், மண்பானையைத் தொட்ட மாதிரி குளிர்ச்சி. அதே இடத்தில் பத்தரைக்குக் கையை வைத்து ஏழு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இது யாரும் செய்து பார்க்கலாம்: புறங்கையை வைத்து ஏழுவரை தாங்கவில்லை என்றால் அந்தப் பாறையில் வெறுங்கால் வைக்காதீர்கள்.

எங்கே போகலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் தடவை என்றால் திருமயம் கோட்டை. காரைக்குடியிலிருந்து 20 கி.மீ. சொச்சம், 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது, நிதானமாக ஏறினாலும் அரை மணிக்குள் உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுவிடலாம். ஆனால் கோட்டை திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள், திறந்தவுடனே உள்ளே நுழைவது நல்லது. குன்றக்குடி அதைவிடச் சுலபம், நல்ல படி, விளக்கு, கூட்டம் எல்லாம் உண்டு.

நார்த்தாமலை எனக்கு மிகவும் பிடித்தது. காரைக்குடியிலிருந்து நாலே முக்காலுக்குக் கிளம்பினால் புதுக்கோட்டை தாண்டி விடியும் நேரத்துக்கு அடிவாரம் போய்விடலாம். மேலமலையில் படி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சாய்வான பாறையிலேயே நடக்க வேண்டும், வழியில் சுனை இருக்கும். மேலே போனதும் விசயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில் மேற்கே பார்த்து நிற்கும், எதிரில் இரண்டு குடைவரைகள், அதில் ஒன்றில் ஆளுயரத்துக்கு 12 திருமால் சிற்பங்கள் வரிசையாக. காலை வெயில் நேராகக் குடைவரைக்குள் விழும், அந்தச் சிற்பங்களைப் பார்க்க அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஆக, சீக்கிரம் போகிறவர்களுக்குக் கால் தப்பிப்பதோடு கண்ணுக்கும் லாபம். பங்குனியில் கீழே முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் வண்டி நகராது, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைக்குப் போகும் பாதை குறுகல், ஒரு பக்கம் சரிவு, தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பிரான்மலையைச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாரி ஆண்ட பறம்பு மலை என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான், சிங்கம்புணரிக்குப் பக்கம், 2,000 அடிக்கு மேல். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா, இரண்டுக்கும் நடுவில் பெரிய பெரிய கல். நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அருமையான காலை அது. இரண்டு வருசத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு பத்துப் பேர் போனோம். பேசி வைத்த வண்டி ஒரு மணி நேரம் தாமதம், சரி பரவாயில்லை என்று எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். அந்தப் 'பரவாயில்லை'யை நான் சொல்லியிருக்கக் கூடாது. இறங்கும்போது பதினொன்றரை, தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஐம்பது வயது அண்ணன் ஒருவருக்கு இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு பாறை நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, இருந்த கொஞ்சம் உப்பு மோரைக் கொடுத்துத் தேற்றி இறக்கினோம். அவருக்குப் பேச்சு மட்டும் குழறியிருந்தால், தள்ளாடியிருந்தால், அது வெப்பவாதம், உடனே 108. வண்டி வரும்வரை ஆளை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும், மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். கிளம்பும் முன் ஒரு சொம்பு நீச்சத்தண்ணி (பழைய சோற்றுத் தண்ணீர்) உப்புப் போட்டுக் குடித்தால் அதற்கு ஈடு கிடையாது. பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று இருக்கட்டும், கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

அப்புறம் முட்டி. ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மறுநாள் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கும்போது கெடுத்துக்கொண்டவர்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், முட்டிச் சில்லின் மேல் உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு அழுத்தம் விழும். பழக்கம் இல்லாத தசைக்கு அந்த வலி அன்றைக்கு வராது, இரண்டாம் நாள் படியிறங்கும்போது தெரியும். அது தானாகச் சரியாகிவிடும், பயம் வேண்டாம். முட்டி வீங்கினால், மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டால் மட்டும் உடனே காட்டுங்கள்.

இதற்குப் பயிற்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. முகப்புத் திண்ணைக்கு ஏறும் படியில் நில்லுங்கள், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெல்ல நான்கு எண்ணும் அளவுக்கு நேரம் எடுத்துக் கீழே இறக்குங்கள், ஒரு காலுக்குப் பத்து தடவை. மலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். மலையில் இறங்கும்போது சின்ன அடியாக, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சரிவில் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து இறங்குங்கள். கையில் ஒரு மூங்கில் கம்பு இருக்கட்டும், ஒரு முட்டிதான் வலி என்றால் எதிர்க் கையில் பிடியுங்கள். விடியும் முன் நடக்கும்போது டார்ச் அடித்து, கம்பைத் தட்டிக்கொண்டே போங்கள், பாறை இடுக்கில் சுருட்டை விரியன் இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம், இன்சுலின் போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பவே வேண்டாம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மாத்திரை இருந்தால் முன்பே டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க இழை தேவையில்லை. கண்ணை மூடிப் படுங்கள், வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஓரிரு நொடி தொடட்டும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே உணர்வு குறைந்திருக்கிறது என்று அர்த்தம், டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், மஞ்சளோ பேஸ்ட்டோ தடவாதீர்கள், சுட்டது தெரிந்த உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்டுங்கள்.

இது மலைத்தேனீ கூடு கட்டும் காலமும்கூட. பாறை முகட்டில் பெரிய அடை தொங்கினால் அதன் பக்கம் போக வேண்டாம், புகை, சென்ட் எதுவும் வேண்டாம், பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவது ஒன்றுதான் வழி. கொட்டிய பிறகு மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108.

ஏற்றமே வேண்டாம் என்கிறவர்களுக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்க் கரை இருக்கிறது. சமதரை, மரம், பறவைகள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அந்தப் பறவைகளைக் காப்பாற்றுகிற ஊர் அது, நாமும் அங்கே சத்தம் போடாமல் நடக்க வேண்டும். மாசி முடிவதற்குள் போனால் பறவைகள் நிறைய இருக்கும்.

அந்த ஆச்சி போன வாரம் கூப்பிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்குப் போகலாமா என்று கேட்டார்கள். "போங்க ஆச்சி, அஞ்சரைக்கெல்லாம் படியேறிடுங்க, பருத்திச் சாக்ஸ் போட்டுக்கலாமான்னு கோயில்ல கேட்டுக்கங்க" என்றேன். "சாக்ஸெல்லாம் ரெண்டு ஜோடி எடுத்து வச்சாச்சு, வந்ததும் பாதத்தை உங்ககிட்ட காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றார்கள்.