மாத்திரை போடுவேங்க

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு பெரியவர் வந்தார். ரத்த அழுத்தம் 180/110. "மாத்திரை போடுறீங்களாய்யா?" என்று கேட்டேன். "போடுவேங்கம்மா" என்றார். 'தொடர்ந்து மாத்திரை எடுக்கிறார்' என்று சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். போடுகிற மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மருமகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். படுக்கையிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி விழுந்திருக்கிறார். விசாரித்தால், பழைய மாத்திரையை நிறுத்தியே ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் போட்ட அதட்டலில் பயந்துபோய், பழையது புதியது இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தமிழைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

'போடுவேன்' எதிர்காலம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வீட்டில் அப்படியா பேசுகிறோம்? "எழுந்ததும் காபி குடிப்பார்" என்றால் அது அன்றாட வழக்கம். "பாட்டி இருந்தவரைக்கும் பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போவோம்" என்றால் அது முடிந்துபோன கதை. "நாளையிலிருந்து போடுவேன்" என்றால் வாக்குறுதி. ஒரே எதிர்கால வடிவம் மூன்று பக்கமும் திரும்பும். எந்தப் பக்கம் என்பதைக் கூட வரும் சொல்தான் காட்ட வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது அந்தக் கூட வரும் சொல்லைக் கேட்க எனக்கு நேரமில்லை, சொல்ல அவருக்குத் தைரியமில்லை.

இப்போதெல்லாம் "போடுறீங்களா?" என்று நான் கேட்பதே இல்லை. "கடைசியா எப்ப போட்டீங்க? நேத்து ராத்திரி போட்டீங்களா? அட்டையைக் காட்டுங்க" என்றுதான் கேட்கிறேன். பதிலில் வரும் துணைவினையிலும் காதை வைக்கிறேன். "போட்டுட்டு வர்றேன்" என்றால் பெரும்பாலும் உண்மையிலேயே போடுகிறார். "போட்டுட்டு இருந்தேன்" என்றால் நடுவில் எங்கோ நின்றிருக்கிறது. "போட்டுப் பார்த்தேன்" என்றால் ரெண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள். அந்தப் 'பார்த்தேன்' எத்தனை ஆன்டிபயாட்டிக் அட்டைகளைப் பாதியில் விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்து காய்ச்சலுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

தமிழில் நோய்க்குக் கையும் காலும் உண்டு. சளி பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும், வலி வந்து வந்து போகும். பிடித்தது ஒருநாள் விடும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று சொல்லும்போது அந்த வாக்கியத்தில் இரண்டு விடு இருக்கிறது. முதல் விடு, பிடியைத் தளர்த்தியது. இரண்டாம் விடு, காரியம் முடிந்தது. பேசி முடித்ததும் மனசும் கதவைச் சாத்திக்கொள்கிறது. குழந்தைக்கு இட்லி ஊட்டி, பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அந்த இடத்தில்தான். பொதுவாகக் காய்ச்சல் ஆரம்பித்த 3 முதல் 7 நாளுக்குள் உடம்புச் சூடு இறங்கும். அப்படி இறங்குகிற நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான், சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும், ரத்த அழுத்தம் விழும். ஒரு அம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நேத்தே காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டரம்மா, ஆனா வயிறு வலிக்குதுங்கறா, கையெல்லாம் சில்லுனு இருக்கு." அந்த 'ஆனா'வுக்காகத்தான் அவர் வந்திருந்தார். நல்லவேளை, வந்தார். காய்ச்சல் இறங்கிய பிறகு கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். "விட்டுடுச்சு" என்பதற்குப் பதிலாக "இறங்கியிருக்கு" என்று சொல்லிப் பழகச் சொல்கிறேன். இறங்கியது இன்னும் பார்வையில் இருக்கும்.

நாள் எண்ணுவதிலும் ஒரு சிக்கல். திங்கள் சாயங்காலம் தொடங்கிய காய்ச்சலுக்குப் புதன் காலையில் வருபவர் "மூணு நாளா" என்பார். திங்கள், செவ்வாய், புதன். கணக்கு சரி, ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் ஒன்றரை நாள்தான். டெங்குவுக்கு முதல் சில நாட்களில் செய்யும் என்எஸ்1 பரிசோதனை வேறு, ஏறக்குறைய ஐந்து நாளுக்குப் பிறகு பலன் தரும் ஐஜிஎம் பரிசோதனை வேறு. அதனால் "எத்தனை நாளா?" என்பதை விட்டுவிட்டு "எந்தக் கிழமை, எந்த வேளை?" என்று கேட்கிறேன்.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால் இன்னொரு வேடிக்கை. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல்தான். வினையைக் கேட்டால்தான் எது என்று தெரியும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வினைதான் முதலில் நழுவும். நாட்காட்டியை நீட்டி விரலை வைக்கச் சொல்லிவிடுவேன்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தமிழ் ரொம்ப நுணுக்கமானது. "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறோம்! மாதம் ஒரு ஆள் மாதிரி நடக்கிறது. முடிந்த மாதத்தையும் நடக்கிற மாதத்தையும் பிரித்துச் சொல்லும்வரை குழப்பமில்லை. 'அஞ்சாம் மாசம்' என்று சுருக்கும்போதுதான் தடுமாற்றம். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கு நாங்கள் சொல்வது 18 முதல் 20 வாரம். அதாவது நான்கு முடிந்து ஐந்து நடக்கும்போது. "அஞ்சு முடியட்டும்னு இருந்தோம்" என்று 22 வாரத்தில் வருபவர்கள் உண்டு. ஏதாவது குறை தெரிந்தால் யோசித்து முடிவெடுக்கக் கையிலிருக்கும் நாட்கள் அதற்குள் சுருங்கிவிடும். குழந்தை பிறந்த பிறகு இதே குழப்பம் தலைகீழாக வரும். தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகு. ஒன்பது நடக்கும்போதே தூக்கி வந்து, "போன மாசமே எட்டு முடிஞ்சுது, ஏன் போட மாட்டேங்கிறீங்க?" என்று கிராம சுகாதார செவிலியரோடு சண்டை பிடிப்பார்கள்.

'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று வருபவர்களிடம் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்பது பழைய வழக்கம். சிலர் முதல் நாளைச் சொல்வார்கள், சிலர் மூன்றாம் நாளை, சிலர் ஐந்தாம் நாளை. எங்களுக்கு வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாள். அங்கிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதி. 28 நாள் கணக்கில் அது சரியாகப் பத்து மாதம், நாட்காட்டிக் கணக்கில் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். "பத்து மாசம் சுமந்தேன்" என்று சொல்லும் பாட்டியோடு பேத்தி சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

பக்கவாதத்தில் இந்தக் காலக்குழப்பம் மணிக்கணக்கிலேயே வந்து நிற்கும். "கிளம்பிட்டோம் டாக்டர்" என்று போனில் சொல்வார்கள், ஆட்டோவே வந்திருக்காது. விரைவு காரணமாகக் காலம் மாறிப் பேசுவது குற்றமில்லை என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. அந்த இலக்கணத்தை எழுதிய பவணந்தியார் அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்ததில்லை. மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை எண்ணுவது நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் சில பெரிய மருத்துவமனைகளில் ஸ்கேன் பார்த்து வழி தேடுகிறார்கள், ஆனால் எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிவதற்குள் ஒரு தாத்தாவைக் கொண்டுவந்தார்கள். வலது கை தூக்கவில்லை, வாய் கோணியிருந்தது. மகன் "இப்பதான் வந்துச்சு மேடம்" என்றார். இப்பதான் என்றால்? அஞ்சரைக்கு எழுப்பப் போனபோது பார்த்திருக்கிறார்கள். கடைசியாக நன்றாகப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். "ராத்திரி பத்துக்குப் படுத்தாரு." அப்படியென்றால் நேரம் போய்விட்டது. பின்னால் நின்றிருந்த பேரன், பத்தாவது படிக்கிறவன், மெதுவாகச் சொன்னான்: "மூணு மணிக்கு என்னை எழுப்பித் தண்ணி கேட்டாரு. நான்தான் கொடுத்தேன். சொம்பைக் கையில வாங்கிக் குடிச்சாரு, நல்லாத்தான் பேசினாரு." மணியை எப்படிப் பார்த்தாய் என்றேன். செல்போனில் என்றான்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனை அரை மணி நேரத் தூரம். பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதினேன்: 'கடைசியாக நன்றாக இருந்தது அதிகாலை 3:00. சொம்பை வலது கையால் வாங்கினாரா என்று பேரனிடம் கேட்டுவிட்டேன். வாங்கியிருக்கிறார்.'